வேலையை விட்டுவிட்டுக் காட்டுப் படம் எடுக்கப் போகலாமா? ஒரு விடுதியின் கடிதமும் கையில் இருக்கிறது

குளக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், முதல் முறையாகக் கேட்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக ஆறு ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். வயது 29. வெளிநாட்டுக்காரர் கேட்கும் நிறத்துக்கும் சாயப்பட்டறை கொடுக்கும் நிறத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவதுதான் என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நஞ்சராயன் குளத்துக் கரையில் இருப்பேன். நான்கு ஆண்டுகளாக ஒரே குளம். 2022இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது எங்கள் வீட்டுக்கே பட்டா கிடைத்ததுபோல இருந்தது. 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கூழைக்கடா, சங்குவளை நாரை, குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து என்று பதினோராயிரம் படம் சேர்ந்திருக்கிறது. அதில் வெளியில் காட்டத் தகுந்தது நூற்றைம்பது தேறும்.

கையில் இருப்பது தவணையில் வாங்கிய 150–600 மி.மீ. லென்ஸ். போன மாதம்தான் கடைசித் தவணை கட்டினேன். வங்கியில் நான்கு லட்சத்து இருபதாயிரம். மார்ச் மாதம் வேலையை விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "மாடு மேய்த்தாலும் பாலாவது மிஞ்சும்" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் பேசவில்லை.

இந்த நேரம் பார்த்து வால்பாறைப் பக்கம் ஒரு விடுதியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்று இரவு இலவசத் தங்கல், சாப்பாடு, ஜீப். பதிலுக்கு நான் சுற்றுவட்டாரக் காட்சிகளும் விலங்குகளுமாக நாற்பது படம் எடுத்துத் தர வேண்டும். "படங்களின் முழு உரிமையும் விடுதியையே சேரும். தங்கள் பெயர் எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் குறிப்பிடப்படும்" என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளலாமா? மார்ச்சில் வேலையை விடலாமா? காட்டுக்குள் என் லென்ஸ் போதாது, கடன் வாங்கியாவது பெரிய 600 மி.மீ. லென்ஸ் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா?

கூந்தன்குளம் வாத்தியார்:

அம்மா, நான் பள்ளி ஆசிரியன். முப்பது ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறேன், படமும் எடுக்கிறேன், ஒரு பைசா சம்பாதித்ததில்லை. அதனால்தான் இன்னும் அதன்மேல் ஆசை குறையவில்லை என்று நினைக்கிறேன். வேலையை விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையை இழந்துவிட்டால் பிறகு எந்தக் கிழமையில் குளத்துக்குப் போவீர்கள்?

காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணனைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். சந்தூர் சமஸ்தான வேலைக்குப் பிறகு மனிதர் சம்பளத்துக்குப் போகவே இல்லை என்பது உண்மைதான். ஆனால் 1950 தொடங்கி 1996இல் இறக்கும்வரை ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் இடைவிடாமல் பத்தி எழுதினார். யானைக்கு முன்னால் கால்நடையாகப் போய் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பின்னால் அந்தப் பேனா இருந்தது. நீங்கள் எழுதுவீர்களா?

போட்டிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். பரிசு வந்தால் அப்பாவும் பேசுவார்.

ஒன்பதாவது வளைவு:

மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லலாம்: கையெழுத்துப் போட வேண்டாம், மார்ச்சில் விட வேண்டாம், லென்ஸ் வாங்க வேண்டாம். இப்படி மூன்று 'வேண்டாம்' சொல்லிவிட்டு எழுந்து போகிறவனை எனக்கே பிடிக்காது. அதனால் கொஞ்சம் உட்கார்ந்து சொல்கிறேன், அம்மிணி.

எனக்கு ஊர் பொள்ளாச்சி. தென்னைநார் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் 2006இல் அதை விட்டேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒன்பதாவது வளைவில் பாறைமேல் வரையாடு நிற்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் அந்த வளைவுதான். பெயரையும் அதையே வைத்துக்கொண்டேன். முதல் ஆண்டு முழுக்க விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறி அங்கே போய் நின்றேன். வரையாடு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் எடுத்தேன். அந்த ஆண்டு விற்றது ஒரு படம். அதுவும் ஆடு இல்லாத படம். கீழே ஆழியாறு அணைமேல் பஞ்சு மூட்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல மேகம் கிடந்த ஒரு காலை. ஆடு வராத சலிப்பில் எடுத்தது.

போன நிதியாண்டில் என் வரவு ஆறு லட்சத்துச் சொச்சம். அதில் புலியின் பங்கு பூஜ்யம். சிறுத்தை நாலாயிரம் ரூபாய் கொடுத்தது. பாதிக்குமேல் வந்தது சுவர்களிலிருந்து: தேயிலைத் தோட்டம், சோலைக்காடு, மழை முடிந்த மறுநாள் தெரியும் மலை அடுக்கு என்று விடுதிக்கும் மருத்துவமனைக்கும் பெரிதாக அச்சிட்டு மாட்டுகிற படங்கள். மருத்துவமனைக்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். காத்திருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பச்சையாக ஏதாவது வேண்டும், அதில் பல் தெரியக் கூடாது. மிச்சத்தில் பெரும்பகுதி, புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் வந்தது. பத்திரிகையும் நாட்காட்டியும் கடைசி. டீசல், கருவி பழுது, பழைய கேமராவை மாற்றியது எல்லாம் கழித்தால் ஆலைக் கணக்கன் இன்று வாங்கும் சம்பளத்தைவிடக் குறைவுதான். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. மார்ச் மாதக் கணக்குப் போடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எது விற்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு விளக்கிடம். வால்பாறைத் தோட்டங்களில் யானை பக்கத்தில் வந்திருந்தால், அங்கே இருப்பவர்களே கைபேசியால் எரியவிடும் சிவப்பு விளக்குகள் கம்பங்களில் இருக்கின்றன. வேலை முடிந்து இருட்டில் வீட்டுக்கு நடக்கிறவர்கள் தெரியாமல் யானைமேல் போய் முட்டாமல் இருப்பதற்காக இயற்கைப் பாதுகாப்புக்காரர்கள் வைத்தது. ஒரு மாலை மூடுபனியில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே சாலையில் மூன்று பெண்கள் நின்று கையில் டிபன் தூக்கோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் படம். யானை இல்லை. என் யானைப் படங்கள் அத்தனையும் சேர்ந்து கொடுத்ததைவிட அந்த ஒரு படம் அதிகம் கொடுத்தது. ஏனென்றால் யானையை எல்லோரும் எடுக்கிறார்கள். யானைக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பதை எடுக்க அந்த ஊரில் இருந்தாக வேண்டும். உங்கள் குளமும் அப்படித்தான். நான்கு ஆண்டு ஒரே குளம் என்பதை ஏதோ குறைபோல எழுதியிருக்கிறீர்கள். சுற்றிலும் சாயப்பட்டறை ஊர், நடுவில் ஊசிவால் வாத்து. இதை எடுக்க ராஜஸ்தானிலிருந்து ஒருவர் வர முடியாது.

கடிதத்துக்கு வருகிறேன். அதில் பார்க்க வேண்டியது இலவசச் சாப்பாடு இல்லை, 'முழு உரிமை' என்ற இரண்டு சொல். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுடையது. படத்தை எடுத்தவர்தான் அதன் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது: ஒருவர் கேட்டு, அவர் தரும் பிரதிபலனுக்காக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். நீங்கள் ஒன்றுமே எழுதிக்கொள்ளாமல் போய்த் தங்கிவிட்டு வந்தால்கூட அறையும் சாப்பாடும்தான் பிரதிபலன் என்று அவர்கள் வாதாட இடமிருக்கிறது. இதில் கையெழுத்தும் போட்டால் கேட்கவே வேண்டாம். படத்தின் உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும் அதன்பின் அறுபது ஆண்டும் நிற்கக்கூடியது. அதை மூன்று இரவு இட்லிக்குக் கொடுப்பதா?

இப்படிப் பதில் எழுதுங்கள்: பன்னிரண்டு படம். உரிமை என்னுடையது. உங்கள் விடுதியின் விளம்பரத்துக்கும் சுவருக்கும் இரண்டு ஆண்டு பயன்படுத்த அனுமதி. தொகை இவ்வளவு. காலத்தை மறக்காமல் எழுத வேண்டும். நான் 2011இல் ஓர் அச்சகத்துக்கு நாட்காட்டிக்காக ஒரு படம் கொடுத்தேன். அணைக்கரைத் தென்னந்தோப்பு. மூவாயிரம் ரூபாய், சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். காலம் எழுதவில்லை. அந்த ஆண்டு ஜவுளிக்கடை, அடுத்த ஆண்டு அரிசி மண்டி, அதற்கடுத்த ஆண்டு என் மைத்துனர் வீட்டுச் சுவரிலேயே ஒரு நகைக்கடையின் பெயரோடு தொங்கியது. போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது: எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மைத்துனர் இன்றைக்கும் விசேஷங்களில் என்னைப் பார்த்தால் "தென்னந்தோப்பு" என்றுதான் கூப்பிடுகிறார்.

வாத்தியார் ஐயா போட்டிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்புங்கள். பெயர் வரும், அரிசி வராது. கேமராவில் பதிந்த அசல் ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், நல்ல போட்டிகளில் கேட்பார்கள். கூட்டில் இருக்கும் பறவையின் படத்தை இப்போது பல போட்டிகள் வாங்குவதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2009ஆம் ஆண்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படத்தையே, அது பழக்கிய ஓநாயாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, மறு ஆண்டு பரிசை எடுத்துவிட்டார்கள்.

கூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் இங்கே எழுதியதில்லை. பெரிய இருவாச்சி முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். மாதக்கணக்கில் சேவல் கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே இருப்பதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. 2013இல் எனக்கு அப்படி ஒரு மரம் தெரியும். நான்கு பேரை ஆளுக்கு மூவாயிரம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போனேன். சேவல் தொண்டைக்குள் அத்திப்பழத்தை நிரப்பிக்கொண்டு வந்தது. எங்களைப் பார்த்தது. எதிர்மரத்தில் உட்கார்ந்தது. இறக்கை அடித்தால் ரயில் என்ஜின் போலக் கேட்கும் பறவை, ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாமல் அங்கேயே இருந்தது. பொந்தின் இடுக்கில் பெட்டையின் அலகு நுனி இரண்டு முறை வந்து போனது. வந்தவர்களில் ஒருவர் "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனால் என்ன?" என்று கேட்டார். கிளம்பலாம் என்று எழுந்தேன். பன்னிரண்டாயிரத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த மரம் எங்கே என்று அதற்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. நானும் அந்தப் பக்கம் போவதில்லை.

லென்ஸ். பெரிய 600 பத்து லட்சத்துக்குமேல் போகும். கடனுக்கு வட்டி கட்ட நீங்கள் மாதம் எத்தனை மருத்துவமனைச் சுவர் பிடிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துளை f/6.3க்கு மேல் விரியாது என்பதால் சோலைக்குள் வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்ற வேண்டியிருக்கும், படம் மணல் மணலாக வரும். வரட்டும். இன்றைய மென்பொருள்கள் பாதியைத் துடைத்துவிடுகின்றன. லென்ஸைத் தாங்க ஜீப் கதவில் வைக்க ஒரு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள். வெறும் பையாக எடுத்துப்போய் ஊரில் இறங்கி இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் எந்த முக்காலியும் கிட்ட வராது. திரும்பும்போது அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம். அதைவிட முக்கியம், காற்றுப் புகாத பெட்டி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும். வால்பாறை மழையில் என் நல்ல லென்ஸ் ஒன்றைத் தோலுறையோடு அலமாரியில் வைத்து ஒரு பருவம் மறந்தேன். எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை பின்னியதுபோலப் பூஞ்சை. பதினெட்டாயிரம் ரூபாய்ப் பாடம்.

அனுமதி பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். புலிகள் காப்பகத்தின் சுற்றுலாப் பகுதியில் சீட்டும் கேமராக் கட்டணமும் கட்டி வனத்துறை வண்டியில் போய் எடுப்பது ஒன்று. அதைத் தாண்டி உள்ளே போய்த் தொழிலாக எடுப்பது வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். விடுதி ஜீப் ஓட்டுநர் "எனக்குத் தெரிந்த வழி இருக்கிறது" என்றால் இறங்கிவிடுங்கள். மாட்டினால் அவர் ஓட்டுநர், நீங்கள் குற்றவாளி.

கடைசியாக மார்ச். இந்தத் தொழிலில் மழையும் பங்குதாரர். 2018 ஆகஸ்டில் குறிஞ்சி பூக்கிறது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று மூணாறுக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து முன்பணம் வாங்கி விடுதிக்கும் கட்டிவிட்டேன். கேரள வெள்ளம் வந்தது. சாலையே இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன், கட்டியது திரும்பவில்லை. 2020இல் என்ன ஆனது என்று சொல்லவே வேண்டாம். அந்த ஆண்டு எங்களைக் காப்பாற்றியது என் மனைவியின் தையல் இயந்திரம். நாலு லட்சம் என்பது திருப்பூரில் ஓர் ஆண்டு, அதுவும் எதுவும் உடையாமல் இருந்தால். குறிஞ்சி அடுத்து 2030இல். அதுவரை அவசரம் ஒன்றுமில்லை.

அச்சுமை:

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். அச்சுக்கு முந்தைய நிறத் திருத்தத்தில் இருபத்திரண்டு ஆண்டு. ஒன்பதாவது வளைவுக்காரர் படத்தை அச்சடித்த அச்சகம் எங்களுடையதாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் படித்தேன்.

குளக்கரை, உங்களுக்குத் தெரியாமலே ஒரு பாதித் தொழில் உங்கள் கையில் இருக்கிறது. படக்காரர்கள் எங்களிடம் வந்து போடும் சண்டை எல்லாம் ஒரே சண்டை: "திரையில் தெரிந்த பச்சை தாளில் வரவில்லை." வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, நாங்கள் நாலு மையால் காட்டுகிறோம். மழை நனைந்த தேயிலைத் தளிரின் அந்த மின்னும் பச்சையை நாலு மையில் பிடிக்கவே முடியாது. நிழலில் இருக்கும் காடு மை குடித்துக் கறுப்புத் திட்டாகிவிடும். இதை ஒரு படக்காரருக்குப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆகிறது. நீங்களோ லேப் டிப், அதாவது சாயம் தோய்த்த மாதிரித் துணித்துண்டு, பார்த்து, ஒரே துணி குழல்விளக்கில் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் தெரிவதைப் பார்த்து வளர்ந்தவர். அச்சுக்குத் தகுந்தபடி படத்தைத் தயார்செய்து கொடுக்கத் தெரிந்தவரை எந்த அச்சகமும் விடாது.

கணக்கு ஒன்று: பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல நாட்காட்டிக்கு, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வீதம், 3600க்கு 5400 புள்ளி வேண்டும். ஏறக்குறைய இரண்டு கோடி. தூரத்துப் பறவையைப் பிடித்து நாலில் ஒரு பங்காக வெட்டி அனுப்பினால் 24 மெகாபிக்சல் படத்தில் மிஞ்சுவது அறுபது லட்சம். காலண்டருக்கு ஆகாது. இயற்கைக் காட்சி விற்பதற்கு அதுவும் ஒரு காரணம், யாரும் அதை வெட்டுவதில்லை. நிற்கும் வாட்டத்தில் எடுங்கள். கீழே மூன்றில் ஒரு பங்கைச் சும்மா விடுங்கள், கடைப் பெயருக்கு. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் இங்கே வெளியாகும். எங்கள் அச்சகத்தில் வைகாசிக்குப் பிறகு வரும் படத்தை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சாமி படம், குழந்தை படம், அப்புறம்தான் இயற்கை. விலங்குகளில் யானைக்கு மட்டும் மரியாதை. ஒருவர் அற்புதமான ஆந்தைப் படம் கொண்டுவந்தார். முதலாளி அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவரோடு பேசினார்.

குளக்கரை:

எல்லோருக்கும் நன்றி. லேப் டிப் பற்றிப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஆறு ஆண்டாக நான் வெறுத்த வேலை அது. அண்ணா, இருவாச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

கடிதத்துக்கு நீங்கள் சொன்னபடியே பதில் எழுதிவிட்டேன். பன்னிரண்டு படம், இரண்டு ஆண்டு, இருபத்தைந்தாயிரம். அனுப்பும் பொத்தானை அழுத்தக் கால் மணி நேரம் ஆனது.

இன்னும் இரண்டு சந்தேகம். நான் தனியாகப் போக வேண்டியிருக்கும். விடியுமுன் தேயிலைக்காட்டில் ஒரு பெண் தனியாகக் கேமராவோடு நிற்பது நடக்கிற காரியமா? இன்னொன்று, அய்யலூர்ப் பக்கம் என் சித்தி வீடு. அங்கே தேவாங்கு இருக்கிறது. இரவில் எடுத்து இடத்தின் பெயரோடு போட்டால் ஊருக்கு நல்லது என்று சித்தப்பா சொல்கிறார்.

ஒன்பதாவது வளைவு:

முதல் கேள்வியை என் மனைவியிடம் கொடுத்தேன். இதில் என் கருத்துக்கு மதிப்பில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யானை, சிறுத்தை எல்லாம் அப்புறம். கழிப்பறை எங்கே என்று முதலில் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நின்றால் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிதான்." எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கும் பெண்களிடம் முதல் நாளே போய்ப் பேசிவிட வேண்டும் என்றும் சொன்னாள். இலை பறிக்கப் போகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பது விடுதிக்காரரைவிட நன்றாகத் தெரியும். விடியுமுன் தனியாக இறங்க வேண்டாம். இது பெண் என்பதற்காக இல்லை, நானும் இறங்குவதில்லை. இருட்டில் கரடியும் யானையும் ஆண் பெண் பார்ப்பதில்லை. நல்ல வெளிச்சம் வந்தபின் எடுத்தால் அந்த மூடுபனிக்கு ஒன்றும் குறையாது.

தேவாங்கு விஷயத்தில் சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, இடத்தைப் போடாதீர்கள். மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடவூரில் 2022இல் 11,806 ஹெக்டேரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்ததும் இப்படிப்பட்ட தொல்லைகளிலிருந்து அதைக் காக்கத்தான். சுற்றியுள்ள திண்டுக்கல், கரூர்க் கிராமங்களில் வேலியோரத்து மரங்களிலும் அது இருக்கிறது. கைபேசியில் எடுத்தால் படத்துக்குள்ளேயே இடம் பதிந்திருக்கும். அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரியும், இருட்டுக்காகச் செய்த கண். ஃபிளாஷ் அடிப்பது முகத்தில் அடிப்பதற்குச் சமம். அடர்த்தியான சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், இரண்டு நிமிடம், பிறகு வந்துவிட வேண்டும். படம் கிடைக்காமலும் போகலாம்.

இருபத்தைந்து கேட்டது சரி. பதினைந்துக்கு இறங்குவார்கள்.

குளக்கரை:

பதினெட்டு! எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். உரிமை என்னிடமே. ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்திருக்கிறார்கள்: பன்னிரண்டில் ஒன்றில் விடுதியின் பெயர்ப்பலகை தெரிய வேண்டுமாம். அலுவலகத்தில் வியாழனும் வெள்ளியும் விடுப்பு கேட்டிருக்கிறேன், ராஜினாமாக் கடிதம் இன்னும் எழுதவில்லை. அப்பா நேற்றிரவு பேசினார். "வால்பாறையில் அட்டை கடிக்கும்" என்றார்.

அட்டைக்கு உப்பா, மூக்குப்பொடியா, அண்ணா?

ஒன்பதாவது வளைவு:

மூக்குப்பொடி. தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலுறைக்கு மேலே தடவ வேண்டும். உப்பு மழையில் கரைந்துவிடும். தடவிய கையோடு லென்ஸைத் தொடாதீர்கள்.